காசினோ வந்தா ஊருக்கு நெசமாவே என்ன மிஞ்சுது? ஸ்பிரிங்ஃபீல்டை வச்சு கணக்கு பாக்கறது எப்படி

எக்கனாமிக்ஸ், அர்பன் பிளானிங் படிக்கிற பசங்க ப்ராஜெக்ட்டுக்கு காசினோன்னு டாபிக் எடுத்தா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. கம்பெனி விட்ட பிரஸ் ரிலீஸை அப்படியே எடுத்து இத்தனை கோடி வருமானம், இத்தனை பேருக்கு வேலைன்னு எழுதிடுவாங்க, இல்லன்னா சூதாட்டம் குடியைக் கெடுக்கும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு அதுக்குத் தோதான நம்பரா பொறுக்குவாங்க. ரெண்டுமே ஆய்வு இல்ல. இங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், காசினோ வராம இருந்திருந்தா இந்தக் காசு எங்க போயிருக்கும்? வேலைவாய்ப்பு, வரி, கலை நிகழ்ச்சிக்கு வர்ற மானியம், குற்றம் எதை எடுத்தாலும் திரும்பத் திரும்ப இதே கேள்விக்குத்தான் வந்து நிக்கணும்.

பழகறதுக்கு நான் சொல்ற கேஸ் அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டு ஊர். காரணம் இருக்கு. 2011ல அந்த மாநிலம் காசினோவுக்கு அனுமதி கொடுத்து சட்டம் போட்டப்பவே, இதோட சமூக பொருளாதார விளைவை வருஷா வருஷம் ஆய்வு பண்ணணும்னு அதே சட்டத்துல எழுதி வச்சுட்டாங்க. அதனால 2013லயே, ஒரு காசினோ கூட திறக்காதப்பவே, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆம்ஹர்ஸ்ட் டீம் வேலையை ஆரம்பிச்சு "முன்னாடி எப்படி இருந்துச்சு"ங்கிற பேஸ்லைனை எடுத்து வச்சாங்க, பொருளாதாரப் பக்கத்தை அதே பல்கலைக்கழகத்தோட டோனஹியூ இன்ஸ்டிட்யூட் பாத்துக்கிச்சு. இது சாதாரண விஷயம் இல்லங்க, பெரும்பாலான ஊர்ல காசினோ வந்து பத்து வருஷம் கழிச்சுதான் யாராவது முழிச்சு ஆய்வு பண்ணலாமான்னு கேப்பாங்க, அப்போ பழைய நிலைமைய எங்கேருந்து கண்டுபிடிக்கிறது.

சரி, முதல் வேலை ஒரு டைம்லைன் போடறது. எம்ஜிஎம் கம்பெனியோட காசினோ, எம்ஜிஎம் ஸ்பிரிங்ஃபீல்டு, திறந்தது 2018 ஆகஸ்ட் 24, செலவு சுமார் 96 கோடி டாலர். இதை மட்டும் குறிச்சுட்டு "2018க்கு முன், 2018க்குப் பின்"னு ரெண்டு கட்டம் போட்டீங்கன்னா மாட்டிக்குவீங்க. அதே ஊர்ல அந்த நேரத்துல வேற என்னென்ன நடந்துச்சுன்னு பாருங்க: 2011 ஜூன்ல டொர்னாடோ அடிச்சு சவுத் எண்ட் பக்கம் பயங்கர சேதம், அதை ஒட்டித்தான் காசினோவே கட்டினாங்க, 2017ல யூனியன் ஸ்டேஷன் புதுப்பிச்சு திறந்தாச்சு, அதே வருஷம் டாக்டர் சூஸ் மியூசியம் வந்துச்சு (குழந்தைங்க புத்தகம் எழுதின அவரு பிறந்த ஊரே இதுதான்), ரயில் பெட்டி செய்யற சீன கம்பெனி சிஆர்ஆர்சி ஃபாக்டரி போட்டுச்சு, ஐ-91 ஹைவே மேம்பாலத்தைப் பல வருஷம் தோண்டிட்டு இருந்தாங்க, இதெல்லாம் போதாதுன்னு காசினோ திறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி 2018 ஜூன்ல ஹார்ட்ஃபோர்ட் லைன் ரயில் சர்வீஸ் ஓட ஆரம்பிச்சுது. இப்ப டவுன்டவுன்ல ஒரு ரெஸ்டாரன்ட்டுக்கு கூட்டம் கூடிடுச்சுன்னா அது காசினோவாலயா, ரயிலாலயா, ஹைவே வேலை முடிஞ்சதாலயா? டைம்லைனை ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிக்குங்க, ஒவ்வொரு சார்ட் போடும்போதும் அதைப் பாருங்க. 2020 மார்ச்சுல கோவிட்டுக்காக மூடினாங்க, ஜூலைல திறந்தாங்க, அதனால சுத்தமான டேட்டா உங்களுக்குக் கிடைக்கறது ஒண்ணரை வருஷம்தான். கசப்பா இருந்தாலும் ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயே இதைச் சொல்லிடுங்க.

அடுத்தது பண விஷயம். காசினோ உலகத்துல "வருமானம்"னு சொன்னா ஆடினவங்க மொத்தமா பந்தயம் கட்டின தொகை இல்ல, ஜெயிச்சவங்களுக்குக் கொடுத்தது போக மிச்சம், அதாவது ஜனங்க தோத்த காசு. ஸ்லாட் மெஷின்ல ஒருத்தர் 20 டாலரைப் போட்டு ஜெயிச்சதையும் திரும்பத் திரும்ப போட்டு ஆடினா பந்தயக் கணக்கு 200 கூட காட்டும், தோத்தது அந்த 20தான். இந்த ரெண்டையும் குழப்பி எழுதின கட்டுரை நெறய இருக்கு. காசினோக்களைக் கண்காணிக்கிற மாசசூசெட்ஸ் கேமிங் கமிஷன் மாசா மாசம் இந்த நிகர நம்பரை வெளியிடறாங்க, இலவசம்தான், டவுன்லோடு பண்ணிக்குங்க.

அதை எடுத்த உடனே லைசன்ஸ் வாங்கும்போது கம்பெனி என்ன சொல்லிச்சுங்கிறதோட ஒப்பிடுங்க. எம்ஜிஎம் சொன்ன கணிப்பு வருஷத்துக்கு சுமார் 41.8 கோடி டாலர். முதல் வருஷத்துல வந்தது 27 கோடி டாலர் பக்கம். வேலை 3,000 பேருக்குன்னு சொன்னாங்க, கோவிட்டுக்கு அப்புறம் அந்த அளவை எட்டவே இல்ல. இதுல கம்பெனிய மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல, போட்டிக்காரன் சும்மா இருப்பான்னு நெனச்சு போட்ட கணிப்பு எதுவா இருந்தாலும் இப்படித்தான் ஆகும். தெற்கே கனெக்டிகட்ல 1992லேருந்து ஃபாக்ஸ்வுட்ஸ், 1996லேருந்து மொஹீகன் சன்னுன்னு ரெண்டு பெரிய பழங்குடி காசினோ இருக்கு, ஸ்பிரிங்ஃபீல்டு வரப் போகுதுன்னதும் அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து எல்லைக்குப் பக்கத்துல ஈஸ்ட் வின்ட்ஸர்ல இன்னொண்ணு கட்டி கஸ்டமரைத் தடுக்கலாம்னு பிளான் போட்டு சட்டமே வாங்கினாங்க, கடைசில அது கட்டப்படல. 2019 ஜூன்ல பாஸ்டன் பக்கம் என்கோர்னு இன்னொரு காசினோ திறந்ததும் அந்தப் பக்கத்துக் கூட்டம் அங்க போயிடுச்சு.

இப்பதான் முக்கியமான இடம், காசு எங்கேருந்து வந்துச்சு. காசினோவுக்குள்ள 100 டாலர் விட்ட மூணு பேரை எடுத்துக்குங்க. ஒருத்தர் என்ஃபீல்டுக்காரர், கனெக்டிகட்லேருந்து காரை ஓட்டிட்டு வந்தவர், அந்த 100 மாநிலத்துக்கு புதுசு. ரெண்டாமவர் ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர், இத்தனை வருஷம் மாசத்துக்கு ஒரு தடவை மொஹீகன் சன்னுக்குப் போயிட்டு இருந்தவர், இப்ப வீட்டுப் பக்கத்துலயே ஆடறார், வெளிய போயிட்டு இருந்த காசு உள்ள நின்னுடுச்சு, இதுவும் லாபம்தான். மூணாவது ஒரு அம்மா, அவங்க சூதாட்டத்துக்கே போகாதவங்க, வெள்ளிக்கிழமை புருஷனோட மெயின் ஸ்ட்ரீட்ல இத்தாலியன் ஹோட்டல்ல சாப்பிட்டு ஒரு படம் பாத்துட்டு வருவாங்க, இப்ப அதுக்குப் பதிலா காசினோ. இந்த 100 டாலர் ஊருக்குப் புதுசு இல்ல, ஒரு பாக்கெட்லேருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாறினது, அந்த ஹோட்டல்காரர் கணக்குல மைனஸ். பிரஸ் ரிலீஸ்ல மூணு பேரும் ஒண்ணுதான். உங்க ஆய்வுல மூணு பேரும் தனித்தனி நெடுவரிசையில உக்காரணும்.

இதைக் கண்டுபிடிக்க சர்வேதான் வழி, அந்த ஆம்ஹர்ஸ்ட் டீம் காசினோ வாசல்ல நின்னு வர்றவங்ககிட்ட சர்வே எடுத்தாங்க, நீங்க சின்ன அளவுல பண்ணலாம், ஆனா சில விஷயம் கவனமா இருங்க. உள்ள போறவங்களை நிறுத்தாதீங்க, வெளிய வர்றவங்களைக் கேளுங்க, செலவு முடிஞ்ச பிறகுதான் தொகை தெரியும். வார நாள் மதியம், சனிக்கிழமை ராத்திரி ரெண்டும் எடுக்கணும், மதியம் வர்றது ரிடையர் ஆன உள்ளூர்க்காரங்க, சனிக்கிழமை ராத்திரி வர்ற கூட்டம் வேற. எவ்வளவு தோத்தீங்கன்னு நேரா கேட்டா யாரும் உண்மையைச் சொல்லமாட்டாங்க, 0-50, 50-100ன்னு கார்டுல போட்டு விரல் வைக்கச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, "இந்தக் காசை வேற எதுக்கு செலவு பண்ணியிருப்பீங்க"ன்னு கேக்காதீங்க, அதுக்கு யாருக்குமே பதில் தெரியாது. "ஸ்பிரிங்ஃபீல்டுல இந்த இடமே இல்லன்னு வச்சுக்குங்க, இன்னிக்கு எங்க போயிருப்பீங்க? போன தடவை கனெக்டிகட் காசினோவுக்கு எப்ப போனீங்க?"ன்னு கேளுங்க. ரெண்டாவது கேள்வி நடந்ததைக் கேக்குது, அதனால முதல் பதில் சும்மா சொன்னதான்னு அதை வச்சு செக் பண்ணிக்கலாம். சர்வேக்கு அனுமதி கிடைக்கலயா, பார்க்கிங்ல நம்பர் பிளேட் எண்ணுங்க, எந்த மாநிலம்னாவது தெரியும்.

அப்புறம் ஒப்பிடறதுக்கு இன்னொரு ஊர் வேணும். இதே மாதிரி மக்கள்தொகை, பழைய தொழிற்சாலை ஊர், ஏழ்மையும் கிட்டத்தட்ட இதே அளவு, ஆனா காசினோ இல்லாதது. கேக்க சுலபம், தேடினா தலை சுத்தும். ஹார்ட்ஃபோர்ட் எடுக்கலாமா? அது ரொம்பப் பக்கம், ஸ்பிரிங்ஃபீல்டு காசினோவே அதைப் பாதிக்கும். வூஸ்டர்? 2021ல அங்க போலார் பார்க்னு பேஸ்பால் ஸ்டேடியம் வந்து டவுன்டவுனே மாறிடுச்சு. பிராவிடன்ஸ்? பக்கத்துல லிங்கன்ல ஏற்கெனவே காசினோ. நியூயார்க் மாநிலத்துல ஸ்கெனெக்டடி போனா அங்க 2017லயே திறந்தாச்சு. அதனால ஒரே ஊரை நம்பாம பத்துப் பதினஞ்சு ஊரை எடுத்து, 2018க்கு முன்னாடி ஸ்பிரிங்ஃபீல்டு போன பாதையோட ஒத்துப்போற மாதிரி வெயிட் போட்டு ஒரு கற்பனை ஊரை உருவாக்கறாங்க, சிந்தட்டிக் கண்ட்ரோல்னு பேரு, ஆர் (R)ங்கிற புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல இதுக்கு பேக்கேஜ் இருக்கு. ஊர் பட்டியல்ல ஒண்ணை எடுத்துட்டு, ஒண்ணை சேத்து மறுபடி ஓட்டிப் பாருங்க, முடிவு தலைகீழா மாறினா அந்த முடிவை நம்பாதீங்க.

வேலைவாய்ப்பு டேட்டால ஒரு பொறி இருக்கு. அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு கவுன்ட்டி வாரியா, தொழில் வாரியா மூணு மாசத்துக்கு ஒருக்கா வேலை, சம்பளம் கணக்கு விடறாங்க. ஹாம்ப்டன் கவுன்ட்டி எடுத்து காசினோ ஹோட்டல் வரிசைக்குப் போனா காலியா இருக்கலாம், ஏன்னா ஒரு கவுன்ட்டில ஒரே ஒரு கம்பெனிதான் அந்தத் தொழில்ல இருந்தா அதோட ரகசியம் வெளிய போயிடும்னு நம்பரை மறைச்சுடுவாங்க. உடனே ஜீரோன்னு எடுத்துடாதீங்க. ஒரு படி மேல ஏறி தங்கும் விடுதி, உணவகம், பொழுதுபோக்கு மொத்தத்தையும் எடுத்துக்குங்க. அதுல இன்னொரு நன்மை என்னன்னா, காசினோவுக்குள்ள கூடின வேலையும் வெளிய ஹோட்டல்ல குறைஞ்ச வேலையும் ஒரே தொகைல வந்துடும், நமக்கு வேண்டிய நிகரக் கணக்கே அதுதான்.

இனி கலை, கலாச்சார நிகழ்ச்சி பக்கம். எனக்கு இந்த டாபிக்ல பிடிச்ச இடமே இதுதான், ஆனா ஆய்வு பண்றவங்க கடைசில ரெண்டு பத்தியில முடிச்சுடுவாங்க.

காசினோவுக்கு கச்சேரியும் காமெடி ஷோவும் லாபம் பாக்கற வியாபாரம் இல்ல, ஆளை உள்ள இழுக்கற தூண்டில். டிக்கெட்ல நஷ்டம் வந்தாலும் பரவால்ல, ஷோ முடிஞ்சு வெளிய வர்ற வழியில ஸ்லாட் மெஷின் இருக்கு. அதனால ஆர்ட்டிஸ்ட்டுக்கு அவங்களால அள்ளிக் கொடுக்க முடியும், டிக்கெட்டை விலையைக் குறைச்சோ ஓசியாவோ ரெகுலர் கஸ்டமருக்குத் தள்ள முடியும். லாப நோக்கில்லாம நடத்தற ஒரு ஊர் தியேட்டருக்கு டிக்கெட்டை விட்டா வேற வழி கிடையாது. இதுல ரேடியஸ் கிளாஸ்னு ஒண்ணு வேற, காசினோவுல பாடப் போற ஆளு இத்தனை மைலுக்குள்ள இத்தனை மாசத்துக்கு வேற மேடை ஏறக்கூடாதுன்னு ஒப்பந்தம். வூஸ்டர்ல ஹானோவர் தியேட்டர், நியூ பெட்ஃபோர்ட்ல சைட்டேரியன் மாதிரி அரங்கங்களோட பயமே இதுதான், கூட்டம் குறையறது அப்புறம், முதல்ல ஆர்ட்டிஸ்ட்டே கிடைக்க மாட்டாங்க.

சட்டம் இதை யோசிச்சு மூணு பூட்டு போட்டிருக்கு. காசினோ அரங்கம் கட்டினா 1,000 சீட்டுக்குக் கீழ கட்டணும், இல்ல 3,500க்கு மேல கட்டணும், நடுவுல கூடாது, ஏன்னா ஊர் தியேட்டர் எல்லாம் அந்த நடு சைஸ்லதான் இருக்கு. ரெண்டாவது, பாதிக்கப்படற அரங்கங்களோட லைசன்ஸ் கேக்கறவங்க தனியா ஒப்பந்தம் போடணும். மூணாவது பணம். ஸ்பிரிங்ஃபீல்டு மாதிரி முழு காசினோவுக்கு வரி 25 சதவீதம், அந்த வரில 2 சதவீதம் கலைக்கு மானியம் கொடுக்கற மாநில அமைப்பான மாஸ் கல்ச்சுரல் கவுன்சிலுக்கு, அதுல முக்கால் பங்கு வெளியூர் ஆர்ட்டிஸ்ட்டைக் கூட்டிட்டு வர்ற லாப நோக்கில்லாத, நகராட்சி அரங்கங்களுக்கு. கேக்க அழகா இருக்கு, கணக்குப் போட்டுப் பாருங்க: ஒருத்தர் தோக்கற 100 டாலர்ல வரி 25 டாலர், கலைக்கு 50 சென்ட், அரங்கங்களுக்கு 37.5 சென்ட். இந்தச் சின்னக் கணக்கை ரிப்போர்ட்ல கட்டாயம் வையுங்க, "காசினோ பணம் கலையை வாழ வைக்குது"ன்னு மேடைல யாராவது பேசினா எந்த அளவுக்குன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும்.

ஆனா 37.5 சென்ட் கம்மின்னு சொல்லி முடிச்சுட்டா அதுவும் ஆய்வு இல்ல. அரங்கத்துக்கு நஷ்டம் எவ்வளவு, அதுல எவ்வளவை இந்த மானியம் ஈடு கட்டுதுன்னு பாக்கணும். அதுக்கு அரங்கத்தோட புக்கிங் கேலண்டரைக் கேளுங்க, காசினோ திறக்கறதுக்கு மூணு நாலு வருஷம் முன்னாடிலேருந்து. வெளியூர் ஆர்ட்டிஸ்ட் வந்த ராத்திரி வருஷத்துக்கு எத்தனை, ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கொடுத்த ஃபீஸ் எவ்வளவு, டிக்கெட் சராசரி விலை, ஓசி டிக்கெட் எத்தனை, கேட்டு கிடைக்காமப் போன புக்கிங் எத்தனை. கடைசி கேள்விக்கு எக்செல்ல பதில் இருக்காது, புக்கிங் பாக்கற ஆளோட மெயில்லயும் ஞாபகத்துலயும்தான் இருக்கும், உக்காந்து பேசித்தான் வாங்கணும். கலை ஆய்வுல கூட்டத்தை மட்டும் எண்ணி, வராமலே போன நிகழ்ச்சிய எண்ணாம விட்டா பாதிப்பு ஜீரோன்னுதான் வரும்.

இன்னொரு விஷயம், சட்டம் கட்டறதைத்தான் தடுக்குது. எம்ஜிஎம் நடு சைஸ்ல அரங்கம் கட்டல, ஆனா ஊர்ல ஏற்கெனவே இருந்த சிம்பொனி ஹாலையும் மாஸ்மியூச்சுவல் சென்டர்ங்கிற பெரிய அரங்கத்தையும் நடத்தற பொறுப்பை எடுத்துக்கிச்சு. இதை நல்லதாவும் பாக்கலாம், பூட்டிக் கிடக்கற ராத்திரி குறையும், ஷோவுக்கு வர்றவங்க டவுன்டவுன்ல நடப்பாங்க. போட்டியாவும் பாக்கலாம். எதுன்னு முடிவு பண்ண அங்க நடந்த நிகழ்ச்சிப் பட்டியலை முன்ன பின்ன வச்சுப் பாருங்க, உள்ளூர் ஆர்கெஸ்ட்ரா, ஸ்கூல் நிகழ்ச்சி எத்தனை நாள் இருந்துச்சு, இப்ப எத்தனை நாள் இருக்கு.

மானியம் பத்தி பேசும்போது மாநில பட்ஜெட்டையும் திறந்து பாக்கணும். காசினோவுலேருந்து கலைக்கு ஒரு கோடி வந்துச்சு, அதே வருஷம் அரசாங்கம் கல்ச்சுரல் கவுன்சிலுக்கு வழக்கமா கொடுக்கறதுல ஒரு கோடி குறைச்சுட்டா கலைக்கு வந்தது என்ன? ஒண்ணும் இல்ல. கல்விக்கு, ரோட்டுக்குன்னு ஒதுக்கற எல்லாத்துக்கும் இது பொருந்தும். லாட்டரியையும் விட்டுடாதீங்க, மாசசூசெட்ஸ்ல தலைக்கு லாட்டரி விற்பனை அமெரிக்காவுலயே டாப், அதோட லாபம்தான் ஊராட்சி, நகராட்சிங்களுக்கு உதவிப் பணமா போகுது. காசினோ பக்கத்துல இருக்கற கடைகள்ல லாட்டரி விற்பனை எப்படி மாறிச்சுன்னு அந்த டீம் தனியாவே பாத்திருக்காங்க.

குற்றம் பத்தி சுருக்கமா: கிரைனோல்ஸ், மஸ்டர்டுன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க 2006ல வெளியிட்ட பேப்பர்ல 1977லேருந்து 1996 வரைக்கும் அமெரிக்க கவுன்ட்டி டேட்டாவைப் பாத்து, காசினோ வந்த உடனே பெருசா எதுவும் தெரியல, சில வருஷம் கழிச்சு குற்றம் ஏறுதுன்னு சொன்னாங்க. டக்ளஸ் வாக்கர் அதை எதிர்த்தாரு, வெளியூர்லேருந்து வர்ற கூட்டத்தை வகுக்கற எண்ணுல சேக்காம குற்ற விகிதம் போட்டா ஏறித்தானே தெரியும்னு. ரெண்டு பேரையும் படிச்சுட்டு நீங்க ரெண்டு விதமாவும் விகிதம் போட்டுக் காட்டுங்க.

பழங்குடி காசினோவை இதே அச்சுல வார்க்காதீங்க, அங்க ஓனரே அந்தச் சமூகம்தான். வட கரோலினாவுல ஈஸ்டர்ன் பேண்ட் செரோக்கி மக்கள் 1997ல திறந்த காசினோவோட லாபத்துல பாதி சமூகத்துல ஒவ்வொருத்தருக்கும் பங்கா போகுது, 2000ல தொடங்கின செரோக்கி பிரிசர்வேஷன் ஃபவுண்டேஷன் கலாச்சாரம், உள்ளூர் தொழில், சுற்றுச்சூழலுக்கு மானியம் கொடுக்குது. இவான்ஸ், டோபோலெஸ்கி 2002ல பண்ண ஆய்வுல பழங்குடி காசினோ திறந்து நாலு வருஷத்துல வேலைவாய்ப்பு 26 சதவீதம் கூடினதா வந்துச்சு, கூடவே அந்தக் கவுன்ட்டிகள்ல திவாலும் சில குற்றங்களும் சுமார் 10 சதவீதம் ஏறினதாவும் அதே ஆய்வுதான் சொல்லுது. ரெண்டு நம்பரையும் சேத்து எழுதற ஆளு கம்மி, அவங்கவங்க பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துக்குவாங்க.

மல்டிப்ளையர் மாடலை, அதாவது ஒரு இடத்துல செலவான காசு ஊருக்குள்ள சுத்தி இன்னும் எவ்வளவு வேலை, வருமானம் உண்டாக்குதுன்னு போடற கணக்கை, கடைசிக்கு வச்சதுக்குக் காரணம் இருக்கு. ரெமி, இம்ப்ளான்னு சாஃப்ட்வேர்ல நம்பரைப் போட்டா மறைமுக வேலை இத்தனைன்னு துப்பிடும், அதனால எல்லாரும் முதல்லயே அதுக்கு ஓடறாங்க. நான் மேல சொன்ன மூணு பேரையும் நீங்க பிரிக்காம மொத்த வருமானத்தைப் போட்டா அதுவும் பெருக்கின பொய்யைத்தான் கொடுக்கும். ஹோட்டல்காரர் இழந்ததை மைனஸ்ல போடுங்க, ஊரை விட்டு வெளிய போறதைக் கழியுங்க. ஸ்பிரிங்ஃபீல்டுல அதுக்கு நேரடியா ஒரு உதாரணம் இருக்கு: 2021ல அந்தக் காசினோவோட நிலமும் கட்டடமும் 40 கோடி டாலருக்கு ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு வித்தாங்க, அதுலேருந்து எம்ஜிஎம் வாடகைதான் கொடுக்குது, அந்த வாடகை மெயின் ஸ்ட்ரீட்ல சுத்தாது, முதலீட்டாளருங்களுக்குப் போயிடும். மாடலுக்குள்ள இது தானா வராது, நீங்கதான் கையால எடுக்கணும்.

டேட்டாவை எங்க முடிக்கிறதுன்னு கேட்டா, உள்ளூர் வியாபாரம் மட்டும் பாக்கறீங்கன்னா 2023 மார்ச்சுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. அந்த மாசம்தான் மாசசூசெட்ஸ்ல மொபைல்ல ஸ்போர்ட்ஸ் பெட்டிங் ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் சோஃபாவுல உக்காந்து தோக்கற காசையும் ஸ்பிரிங்ஃபீல்டு வரைக்கும் வந்து தோக்கற காசையும் ஒரே வரிசையில போட்டா மொத்த கணக்கும் கலங்கிடும். அதையும் சேத்துப் பாக்கணும்னா தனி அத்தியாயமா வையுங்க, அதுக்கு சர்வே கேள்வியும் வேற மாதிரி எழுதணும்.